மருந்து போடாத புட்டி

இன்று காலை கீழ் வீட்டில் யாரோ முள்ளங்கி நறுக்கினார்கள். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் சமையலறைச் சன்னல்கள் எல்லாம் ஒரே குறுகிய சந்துப் பக்கம் திறப்பவை. ஒரு வீட்டுச் சாம்பார் எல்லா வீட்டுக்கும் சொந்தம். அந்தக் கந்தக வாடை மேலேறி வந்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கையுறையைத் தேடினேன். அப்புறம்தான் இது ஆய்வுக்கூடம் இல்லை, வீடு என்று உறைத்தது. உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

உனக்கு முள்ளங்கி ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்தில் யாராவது முள்ளங்கி சாம்பார் டப்பாவைத் திறந்தால் போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குத் தாவுவாய். சாந்தோமில் நீயே கணக்கு டீச்சரான பிறகும் அந்தக் குணம் போகவில்லை. நானோ அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதே முள்ளங்கியைக் கட்டிக்கொண்டு அழுகிறவள்.

உன் கல்லீரலில் கட்டி என்று தெரிந்த வாரம், கடற்கரையில் உட்கார்ந்து என் வேலையை உனக்கு விளக்கினேன். நாங்கள் தேடும் பொருள் முழு முள்ளங்கியில் கிடையாது. நறுக்கினால், அரைத்தால், அதாவது காயம் பட்டால்தான் அது உண்டாகிறது. கிண்ணத்தில் வளர்க்கும் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களை அது கொல்கிறது. ஆனால் கூடை கூடையாகத் தின்றாலும் கொல்லும் அளவுக்கு அது கட்டி வரை போய்ச் சேராது. அதை மருந்தாக்க முடியுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப கிண்ணத்துல கீற கேன்சர் மட்டும் சாவும். மனுஷனுக்குள்ள கீறது ஜாலியா இருக்கும். சூப்பர்டி உன் ஆராய்ச்சி" என்றாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாய். பிறகு, "எனக்கு அறுத்து எடுப்பாங்க இல்ல, அத உங்க லேபுக்கு எடுத்துக்கோயேன். குப்பைல போறதுக்கு உங்கிட்ட இருக்கட்டும்" என்றாய். டாக்டரிடம் நீயே பேசினாய், கையெழுத்தும் நீயே போட்டாய்.

அப்படி எடுத்த செல்கள் பெரும்பாலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்ந்துவிடும். உன்னுடையவை ஓயவில்லை. அறுத்த இடத்தில் நோய் திரும்பி வந்து நீ படுக்கையில் விழுந்தாய். இங்கே புட்டிக்குள் அவை செழித்தன. அவற்றை வைத்திருக்கும் பெட்டி எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும். கதவைத் திறந்தால் ஈரமான வெதுவெதுப்பு முகத்தில் படும், யாரோ நெருங்கி நின்று மூச்சு விடுகிற மாதிரி. பல நாள் நான் அந்தக் கதவை உடனே மூடியதில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று, குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனேன். அன்று செல்களுக்குத் தீனியை, அவை வளரும் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை, மாற்ற வேண்டிய நாள். நகத்திலிருந்து மண்ணைக் கழுவிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். புட்டிக்குள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தாய். பிரித்து இரண்டு புட்டியாக்கினேன். இன்னொன்றும் சொல்கிறேன், பயப்படாதே. அந்தச் செல்கள், கல்லீரல் செய்வதைப் போலவே, ரத்தத்துக்கு வேண்டிய புரதத்தைச் சுரந்துகொண்டே இருந்தன. வெளியே ஓர் உடம்பு இன்னும் காத்திருக்கிறது என்று அவை நினைத்தன போல. அதைச் சோதனையில் கண்ட அன்று எனக்கு முதுகு சில்லிட்டது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கம்மா போன் செய்வார். "எப்டி கீறா?" என்பார். முதலில் "அது வெறும் செல்லுதான் ஆன்ட்டி" என்று திருத்தினேன். போகப் போக "நல்லா இருக்கா ஆன்ட்டி" என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே அது பொய்யாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மின்சாரம் போய், உறைய வைத்திருந்த உன் செல்களின் சேமிப்பு முழுவதும் கெட்டது. மிஞ்சியது ஒரே புட்டி. கடைசிச் சோதனைக்கு அது மொத்தமும் வேண்டும். சோதனை முடிந்ததும் மிச்சத்தையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி, உன்னுடையது என்று எதுவும் மிஞ்சாது. சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ள முடியாமல் போனபோது உங்கம்மாவிடம் சொன்னேன். என்றைக்கு என்று கேட்டார். பிறகு, "ஒருவாட்டி கண்ணால பாத்துக்கறேம்மா" என்றார்.

கல்லறைத் திருநாள் அன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். உன் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்திருந்தார், விரலில் மெழுகு ஒட்டியிருந்தது. குனிந்து மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்ணு ரெண்டாப் பிரியற மாதிரி கீது?"

"ஆமா ஆன்ட்டி, வளருது. அப்பப்ப தீனி மாத்துவேன்."

"இன்னும் பசிக்குதா இதுக்கு?"

உங்கம்மா நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு கடைசில ஒரு வாய் கஞ்சி எறங்கல. ஸ்பூன்ல தண்ணி ஊத்துனேன். அவ ஒடம்ப இதுதான் துன்னுக்கினு இருந்துச்சு. இப்பவும் துன்னுக்கினுதான் கீது. எம்பொண்ணு அங்க, கல்லறைல கீறா. இது அவ இல்ல. ஊத்தும்மா உன் மருந்த."

ஊற்றினேன். பாதிச் செல்களுக்கு அந்த முள்ளங்கி மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து போடாத புட்டியில் மறுபாதி. மருந்து போட்டவை சுருங்கி, பிடி தளர்ந்து, மிதந்தன. வேலை செய்தது. இதற்கு மேல் எலி, அதற்கு மேல் மனிதர் என்று போக வேண்டிய தூரம் மலைப்பாக இருக்கிறது. அங்கே போய்ச் சேருமா என்று கேட்டால் நான் கையை விரிப்பேன்.

மருந்து போடாத புட்டி மட்டும் செல்களால் நிறைந்து தளும்பியது. செல்களைக் கணக்கெடுத்து முடித்ததும் அதை ப்ளீச் ஊற்றி அழிக்க வேண்டும். மருந்து போட்டதை மருந்து கொன்றது, இதை நான் கொல்ல வேண்டும். விதிப்படி அதன்மேல் உன் பெயர் இல்லை, ஓர் எண்தான். உன் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஊற்றினேன். இளஞ்சிவப்புத் திரவம் வெளுத்தது.

உன் சாவில் எல்லோரும் அழுதபோது நான் அழவில்லை. நீ எங்கே போய்விட்டாய், ஆய்வுக்கூடத்துப் பெட்டிக்குள் இருக்கிறாயே என்ற தெம்பு. அன்றுதான் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்கம்மா பார்த்ததும் சொன்னதை நான் இத்தனை நாள் பார்த்தும் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உன்னைத் தின்றதை வேளை தவறாமல் ஊட்டி வளர்த்திருக்கிறேன். அது தெரிந்த பிறகும், ப்ளீச் கையில் இருக்கும்போது, கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்தால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் என்னோடுதான் இருக்கிறது, சாகவில்லை.