விருந்தாளிப் பெட்டியில் சைபர்

ஜன. 12, திங்கள்

காலையில் பனிமூட்டம். சத்வா வீட்டிலிருந்து அல் கூஸ் ஆபீஸ் வருவதற்குள் டாக்ஸிக்காரர் மூன்று முறை "யா அல்லா". ஸ்வெட்டர் மறந்தாச்சு.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள தொழிலாளர் கேம்ப்களுக்குப் பொங்கல் சாப்பாடு. வாழை இலை, சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம்! இத்தனை வருடமும் பிரியாணிப் பொட்டலம்தான். எங்கள் கேட்டரிங் கம்பெனி மேனேஜர் ஃபாரூக் பாயிடம் மல்லுக்கட்டி வாங்கிய சம்மதம். ஒரே நிபந்தனை: எல்லா கேம்ப் ஆர்டரும் நான் செய்த ஆன்லைன் ஃபாரம் வழியாக, புதன் மதியத்துக்குள். இல்லையென்றால் பழையபடி பொட்டலம்.

ஃபாரம் ரெடி. இரண்டே பெட்டி: சாப்பிடுவோர், விருந்தாளிகள். இரண்டுக்கும் வகை 'முழு எண்' என்று ஸ்கீமாவில் (எந்தப் பெட்டியில் எது செல்லும் என்கிற விதி) கட்டிவைத்திருக்கிறேன். வேறு எதைப் போட்டாலும் சிவப்பு. கொஞ்சம் பெருமைதான்.

பாப்பா நிலாவுக்கு ஷூ வாங்க வேண்டும்.

ஜன. 13, செவ்வாய்

ஒரு ஆர்டர்கூட உள்ளே வரவில்லை. எல்லாம் சிவப்பு. பெருமை போச்சு.

சாப்பிடுவோர் பெட்டியில் வந்தவை:
- 240 பேர்
- சுமார் 180
- ١٢٠ (போனில் அரபி எண். நமக்கு 120, ஸ்கீமாவுக்கு எண்ணே இல்லை)
- போன தடவை மாதிரியே

சிரித்து மாளவில்லை. கடைசி ஆளுக்கு ஒரு போன். மற்றதெல்லாம் மதியத்துக்குள் சரி. பிறகும் சிவப்பு! இப்போது தகராறு விருந்தாளிப் பெட்டியில். எல்லாரும் வெறுமனே விட்டிருக்கிறார்கள். வெற்றிடம் முழு எண் ஆகாதாம். வகைப் பிழை.

மு.விடமிருந்து போன் (முருகேசன், கேம்ப் இன்சார்ஜ், ராமநாதபுரத்துக்காரர்).

"மேடம், இன்னும் செவப்பாவே நிக்கிது."

"விருந்தாளி இல்லேன்னா சைபர் போடுங்கண்ணே."

"பொங்கலும் அதுவுமா, விருந்தாளி சைபர்னு எப்படி மேடம் போடுறது? கை வரமாட்டேங்குது."

"அப்ப எத்தன பேர் வருவாங்க?"

"அது தெரியாதே. நீங்க வர்றீங்கள்ல?"

"பாப்பா, அவங்கப்பா எல்லாருக்கும் லீவுதான். பாக்கலாம்ணே."

இன்னும் இரண்டு கேம்ப்களுக்குப் போன் போட்டேன். அதே பதில். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'இல்லை' என்று சொல்லாத ஆட்கள், விருந்தாளி சைபர் என்று எப்படிப் போடுவார்கள்? நானும் போட்டிருக்க மாட்டேன். ஃபாரூக் பாய்: "அரே, ஜீரோ டாலோ, கலாஸ்!" சைபரைப் போட்டால் வேலை முடிந்ததாம். அவருக்கு எப்படி விளக்குவது. நாளை மதியம் கெடு.

ஜன. 14, புதன்

வழி கிடைத்துவிட்டது. ஸ்கீமாவில் வகையை மாற்றினேன்: எண் இருந்தாலும் செல்லும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் செல்லும். காலிப் பெட்டியை ஃபாரமே சத்தமில்லாமல் சைபராக்கி கிச்சனுக்கு அனுப்பும். சைபர் போட்ட பாவம் என் தலையில், போகட்டும். சிவப்பில் வந்த ஆங்கிலப் பிழை வாக்கியத்தையும் தூக்கிவிட்டுத் தமிழில்: "எண் மட்டும் போடுங்கள். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள்."

பதினொரு மணிக்கு முதல் பச்சை. அப்புறம் மளமளவென்று எல்லாம் பச்சை! மேசையைத் தட்டிக் கத்திவிட்டேன். ஃபாரூக் பாய் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று, "க்யா ஹுவா?" வாழை இலைக்குச் சொல்லியாச்சு.

வேடிக்கை என்னவென்றால், எல்லா கேம்ப்பிலும் விருந்தாளிப் பெட்டி காலி, மு. மட்டும் 3 போட்டிருக்கிறார். காலியாக விட வழி செய்து கொடுத்த பிறகுதான் எண் போடத் தோன்றியிருக்கிறது மனிதருக்கு. அவருடைய ஷார்ஜா நண்பர்களாக இருக்கும்.

ஜன. 18, ஞாயிறு

இதமான வெயில். இவர், நிலா, நான். மு.வின் கேம்ப்பில் பத்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மெஸ் ஹால் தூணில் கரும்பு கட்டியிருந்தார்கள். ஒரே கூச்சல். "வடை இங்க வரல!" "யல்லா யல்லா, அடுத்த பந்தி!" எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வரிசைக் கடைசியில் மூன்று இலை காலி. தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஓரத்தில் உப்புகூட வைத்தாச்சு.

"உங்க ஷார்ஜா ஃப்ரெண்ட்ஸ் இன்னும் வரலையாண்ணே?"

"எந்த ஷார்ஜா? இது ஒங்க மூணு பேருக்குத்தான், தங்கச்சி. புதன்கெழமையே ஃபாரத்துல போட்டேனே, வந்து சேரலையா?"

"வந்துச்சுண்ணே."

நிலா அதற்குள் நடு இலையில் உட்கார்ந்துவிட்டாள். "மம்மி, கம் ஃபாஸ்ட்!"

சர்க்கரைப் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், இரண்டு தரம்.