முழங்காலளவு கடல்

ஓகஸ்ட் 16, சனி

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

சோளகம், இந்த மாதங்களின் தென்மேற்குக் காற்று, விடியவே தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் மேசைவிரிப்பின் நாலு மூலைக்கும் கல். அப்படியும் இடியப்பத்தில் மணல். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சாப்பிட்டார். முறைப்பாடு இல்லை. நல்ல மனிதர்.

அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுச் சனம் கடல் பார்க்கத் தீவுக்கு வருகிறது. அறை எடுக்காமல் பஸ்ஸில் வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் வேறு.

விடுதி என் மச்சான் குணபாலனுடையது. இனிக் கு. போதும், முழுப்பெயர் எழுதக் கை வருவதில்லை. பள்ளியில் பின்வாங்கிலிருந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன். இந்தக் கடற்கரைக் காணி இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தது. வழக்கில் அவன் பக்கம் போனது. அதே காணியில், அவனுடைய வரவேற்பு மேசையில், பட்டதாரி நான். முன்பு ரியூசன் நடத்தியதால் எல்லோருக்கும் மாஸ்டர். சம்பளம் நாள் தவறாமல் தருகிறான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் கடல் முழங்காலளவு. கரையிலிருந்து பேசிக்கொண்டே வெகுதூரம் நடக்கலாம். ஆனால் விடுதிக்கு நேரே, வள்ளங்கள் கரைக்கு வந்துபோக அடியை வெட்டி ஆழமாக்கிய வாய்க்கால் ஒன்று குறுக்கே ஓடுகிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் தண்ணீர் கலங்கல், பள்ளம் தெரியாது. ஓர் அடி முழங்கால். அடுத்த அடியில் ஆள் இல்லை.

மீனவர்கள் வாய்க்கால் ஓரத்தில் கம்பு நட்டுப் பழைய சாரத் துண்டு கட்டியிருப்பார்கள். போன மாதம் ஒரு கலியாணச் சோடி படமெடுக்க வந்தது. கந்தல் படத்தில் விழுகிறது என்றார்கள். கு. பிடுங்கச் சொன்னான். வள்ளக்காரர் செபஸ்தி அண்ணையே வந்து எல்லாவற்றையும் பிடுங்கினார். சோடி போய்விட்டது. கம்பு விறகோடு கிடக்கிறது.

அறைகளில் வைப்பதற்கு, வருகிறவர்கள் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தான். கொடுத்தேன்.

– கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது. குடிப்பதற்குப் பவுசர் வண்டித் தண்ணீர்.
– பிற்பகல் காற்றில் தொப்பி போனால் போனதுதான்.
– காகம் தட்டிலிருந்தே எடுக்கும். திட்டிப் பயனில்லை.
– கடலில் நுங்கு மாதிரி மிதப்பது சொறி. பட்டால் எரியும், தொட வேண்டாம்.
– விரதகாரருக்கு மரக்கறிச் சமையல், தனிக் குசினி.
– வாய்க்கால். எங்கே, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் குளிக்கலாம்.

கடைசியை மட்டும் வெட்டினான். "சனம் குளிக்க வருது மச்சான். செத்தவீட்டுக்கு வரேல்ல."

ஓகஸ்ட் 17, ஞாயிறு

சரியான கூட்டம். வெளியே இரண்டு பஸ், இரண்டிலும் வேறு வேறு பாட்டு. கழிப்பறைக்கு வரிசை. ஐஸ்கிறீம் வண்டிக்காரருக்கும் கச்சான்கடலைக்காரிக்கும் நிழலுக்காகச் சண்டை.

கனடாக்காரர் ஒருவர், நெற்றியில் திருநீறு, குரலைத் தாழ்த்தி: "மாஸ்டர், நண்டுக் குழம்பு அறைக்கு அனுப்ப ஏலுமோ? மூடி அனுப்புங்கோ. மாமி விறாந்தையில இருக்கிறா." பிறகு மாமி வந்தார்: "தம்பி, மருமகனுக்குத் தெரியாமல் ரெண்டு இறால் பொரியல்." இரண்டையும் அனுப்பினேன். வேறு வேறு வாசலால்.

பதினொரு மணிபோல அது நடந்தது.

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பஸ். பெண்கள்தான் அதிகம். கடலை முதல்முறை பார்க்கிறவர்கள். பயத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். அலை காலில் படும்போதெல்லாம் ஒரே சிரிப்பு. அங்கே கழுத்தளவில் யாரும் குளிக்கவில்லை, நீந்தவில்லை, ஆழமாக இருக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. அப்போதுதான் அவர்கள் போகும் திசை தெரிந்தது. கத்தினேன். எதிர்க்காற்று.

முன்னால் போனவள் மறைந்தாள்.

அடுத்தவள் கையை விடவில்லை. அவளும் கழுத்துவரை போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் சேலையைப் பிடித்தாள். வரிசை முழுக்க மல்லாந்து விழுந்தபடி இழுத்தது. நான் போய்ச் சேரும்போது இழுத்து எடுத்துவிட்டார்கள். மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்காமல் நிற்கிற கால்கள் அவை. எங்கள் கடற்கரையில் அவளைக் காப்பாற்ற வேறொன்றும் இருக்கவில்லை.

பெயர் செல்வராணி. இருமி இருமித் தண்ணீர் வந்தது. கு. ஓடிவந்து தன் துவாயைப் போர்த்தினான். தேத்தண்ணீர் கொடுத்து, பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் காசு வாங்காமல் சோறு போட்டான்.

மூச்சு வந்ததும் அவள் எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க சார். கடல் பழக்கம் இல்லைங்க. நாங்கதான் பாத்து நடந்திருக்கணும்."

கு. சொன்னான்: "பரவாயில்லை அம்மா."

பரவாயில்லையாம்.

ஓகஸ்ட் 18, திங்கள்

சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும். பல்வலி.

செபஸ்தி அண்ணையிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கம்பை மறுபடி நடச் சொன்னேன்.

"அது உங்களுக்கு நட்டதில்லை மாஸ்டர். பாசையூர்ப் பக்கத்து வள்ளங்கள் வாறது, அவைக்கு. எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும்."

"ஹட்டன் ஆக்களுக்குத் தெரியாது."

"கம்பு நிண்டால் பள்ளம் எண்டு ஆருக்குத் தெரியாது?"

உண்மையாகவே கேட்டார். இந்தத் தீவில் எவரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால் உலகத்துக்கும் தெரியும்.

வலையை மடிக்கு இழுத்துக்கொண்டு அவரே சொன்னார். "கம்பு நிண்ட நேரமும் வந்த சனம் என்ன செய்தது தெரியுமோ? அதில துவாய் காயப்போட்டது. ஒராள் கட்டிப்பிடிச்சுப் படம் எடுத்தவர்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அந்தக் கம்பே பள்ளத்துக்குக் கூப்பிட்டிருக்குது, என்ன."

நடுவதென்றால் குணம் தம்பி சொல்ல வேண்டுமாம். அவருடைய மீன் முழுக்க விடுதிக் குசினிக்குத்தான் போகிறது. மகளும் அங்கேதான் அறை துப்புரவாக்குகிறாள். "குறை நினையாதையுங்கோ மாஸ்டர்." நினைக்கவில்லை. கம்பு நட்டாலும் வாயால் சொன்னால்தான் விளங்கும் என்பது எனக்கும் விளங்கிவிட்டது.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

கு.வைக் காஸ் சிலிண்டர் வைக்கும் அறையில் பிடித்தேன்.

"தேர் முடியட்டும் மச்சான். பிறகு கம்பு, பலகை எல்லாம் போடுவம்."

"தேர் தீர்த்தம் முடிஞ்சால் சனம் போயிடுமே."

"அதைத்தானே சொல்லுறன்."

"ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிசி போகப் பாத்தது."

"போகேல்லைத்தானே." குரல் இறங்கியது. "எனக்கும் அண்டைக்கு நித்திரை இல்லை. ஆனா இப்ப பலகை போட்டால் ஒருத்தரும் காலை நனைக்கமாட்டினம். பத்துக் குடும்பம் இதில சீவிக்குது. நீரும்தான்."

நானே கரையில் நின்று சொல்கிறேன் என்றேன். மேசையை யார் பார்ப்பது என்றான். நியாயம்.

வாசலில் வைத்துச் சொன்னான்: "உமக்கு வாய்க்காலில கவலையில்லை. என்னில கோவம். வேணுமெண்டால் உம்மட பேரைப் போட்டு எழுதும். ஊர் சிரிக்கும்."

நாரந்தனையில் வீடு வரைக்கும் எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கியபடி பதில் தேடினேன். கோவம் இருக்கிறது. நிறைய. அதற்காக வாய்க்கால் ஆழம் குறைந்துவிடுமா? இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் பதில் வீட்டு வாசலில்தான் வரும்.

ஓகஸ்ட் 20, புதன்

லீவு போட்டேன். பல் என்று சொன்னேன், பொய்யும் இல்லை.

தீவுக்கு வருகிறவர்கள் எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று கேட்டு எழுதும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் சனம், கொழும்புச் சனம், தோட்டத்துப் பிள்ளைகள், எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது மூன்று பக்கம் வந்தது. கு. பார்த்தெழுதிய கணக்கு. எல்லைக்கல் நகர்ந்த கதை. நியாயம் தெரியாத நீதவான். வாய்க்கால் மூன்றாம் பக்கத்து அடியில். சாந்திக்கு வாசித்துக் காட்டினேன். என் மனிசி மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"நல்ல தமிழ்," என்றாள். "உங்கட பேரைக் கண்டால் சனம் வாய்க்காலை வாசியாது. வழக்கைத்தான் வாசிக்கும்."

வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பிறகு கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

"தீவுக்கு வாருங்கள். கடல் நல்ல கடல், சாப்பாடும் நல்லது. காற்றும் மணலும் இருக்கும். அல்லைப்பிட்டிப் பக்கத்து விடுதிக் கடற்கரையில் தண்ணீர் முழங்காலளவுதான், ஆனால் வள்ளங்கள் வருகிற நேர்கோட்டில் அடியில் வெட்டிய வாய்க்கால் உண்டு. ஆள் தாழும். கலங்கலில் தெரியாது. வள்ளங்கள் கட்டியிருக்கும் இடத்திலிருந்து விலகி, தென்னைகள் நிற்கும் பக்கத்தில் மட்டும் இறங்குங்கள். தண்ணீருக்குள் கம்பு கண்டால் கிட்டப் போகாதீர்கள். அது பள்ளத்தின் ஓரம். யாரையும் கேளுங்கள், ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

இவ்வளவுதான். கு. இல்லை. காணி இல்லை. நானும் இல்லை.

கீழே பெயருக்கு ஒரு கட்டம். பழக்கத்தில் அடித்தேன், பட்டத்தோடு. பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். எழுத்து நடையைப் பார்த்து அவன் கண்டுபிடிக்கக்கூடும். பிடிக்கட்டும். ஊருக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

நாளை தேர். வெள்ளி தீர்த்தம். பின்னேரமே பஸ்கள் இங்கே வந்துவிடும். பெயர் இல்லாமல், இப்போதே போடுகிறேன்.