கதவா, கேள்வியா

மார்ச் 4, புதன்

விடியற்காலைப் பிரார்த்தனையில் முழங்கால் மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணூறு வருஷத்துக்கு முன் பெண்கள் சிலர் கூடி வாழ்ந்த ஒரு வீட்டின் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த பழைய தபால் நிலையத்தில் நாங்கள் ஆறு பேர் அதேபோல் வாழப் பார்க்கிறோம். நான்கு வருஷம் ஆகிறது. கல் தரையின் குளிர்ச்சி மட்டும்தான் அந்தக் காலத்தை அப்படியே ஒத்திருக்கிறது.

சமையல் பார்ப்பவள் இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இன்னும் நர்ஸ்தான் எங்களுக்கு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏன் புரபசரே, முழங்கால் வலிக்கு உங்க புஸ்தகத்துல ஏதாவது போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பொறுத்துக்கோன்னு."

"அதுக்கு எண்ணூறு வருஷப் புஸ்தகம் எதுக்கு? எங்க மாமியாரே சொல்லுவாங்களே!"

சிரித்தேன். சிரித்தே பல நாளாகிறது.

மார்ச் 6, வெள்ளி

தையல் வந்திருந்தாள். எங்களோடு வாழ்ந்து எங்கள் அங்கிகளை எல்லாம் தைத்தவள்; அதனால்தான் அந்தப் பெயர். எட்டு மாதத்துக்கு முன், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனாள். இன்று ஒரு பையோடு, முன்பு தபால் தலை விற்ற ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"அங்க எல்லாம் முடிஞ்சுது பெரியக்கா. வந்துட்டேன்."

பெரியக்கா இந்த வீட்டைத் தொடங்கியவர். அதற்கு முன் மருந்துக் கடை நடத்தியவர். எத்தனை வேளை, எத்தனை மாத்திரை என்று சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "பத்தொம்பதாவது விதி இருக்கே, கண்ணு. வெளியே போனவள் திரும்பி வந்தால் அவளுக்குக் கதவு இல்லை."

தையல் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அப்படியாக்கா போட்டிருக்கு?"

அந்தப் பழைய மொழி இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். மொழிபெயர்த்தவள் நான். "ஆமா," என்றேன்.

நர்ஸ் கம்பிக்கு நடுவே ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினாள். குடித்துவிட்டு, தையல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதிக்குப் போய்விட்டாள். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு அறை எடுத்திருக்கிறாளாம். அதற்குப் பிறகு? தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மார்ச் 7, சனி

அங்கியின் கைமடிப்பு பிரிந்துவிட்டது. நானே தைத்தேன். கோணல்.

மார்ச் 9, திங்கள்

மூலப் பிரதியின் நகலை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எதற்கு? விதிகளை நம்புகிறவள்கூட இல்லையே நான். இங்கே எல்லோரும் கும்பிடுகிற அந்தப் புத்தகத்துக்கு நான் வெறும் கண்.

பார்த்திருக்க வேண்டாம். அந்த மொழியில் 'கதவு'க்கும் 'கேள்வி'க்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. சரியாக அந்த எழுத்தில் புழு அரித்த ஓட்டை. வெளியே போனவள் திரும்பி வந்தால் அவளுக்குக் கதவு இல்லை — அல்லது, அவளுக்குக் கேள்வி இல்லை. எங்கே போனாய், ஏன் போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

நான்கு வருஷத்துக்கு முன் இந்த ஓட்டையை நான் பார்க்காமலா இருந்தேன்?

மார்ச் 10, செவ்வாய்

பெரியக்காவிடம் சொன்னேன். மெழுகுத் திரியை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரியைக் கீழே வைக்கவில்லை.

"அவமேல இருக்கிற பாசத்துல படிக்கிறியா, எழுத்தைப் பாத்துப் படிக்கிறியா?"

நியாயமான கேள்விதான். பல்கலைக்கழகத்தில் என் மாணவிகளை நான் கேட்டிருக்க வேண்டியது.

"உறுதியாச் சொல்லு. சொன்னா திறக்கிறேன்."

அங்கேதான் இடிக்கிறது. உறுதி என்பது என்னிடம் எந்த விஷயத்தில் இருந்தது?

மார்ச் 11, புதன்

பழைய சக ஆசிரியைக்குப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அசதி.

மார்ச் 17, செவ்வாய்

பதில் வந்தது. "ஓட்டையை எப்படிம்மா படிக்கிறது? ரெண்டும் பொருந்தும். நீயே முடிவு பண்ணு. ஆமா, இன்னும் அங்கதான் இருக்கியா?"

இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ஏன் என்றும் தெரியும். எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். அந்த வருஷம் என் குடும்பத்தை விட்டு இங்கே வந்தபோது, திரும்பிப் போக எனக்கே வழி இருக்கக் கூடாது என்று நினைத்தேன்; போனால் இங்கே மறுபடி இடமில்லை என்றால் போகவே மாட்டேன். ஓர் ஓட்டை கிடைத்தது. அதில் ஒரு கதவை மாட்டிப் பூட்டினேன். சாவியைப் பெரியக்கா கையில் கொடுத்துவிட்டு, விதி என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் அதை நம்பினார்.

மார்ச் 18, புதன்

சாப்பாட்டு வேளையில் யாரும் பேசுவதில்லை. நான் ஒரு விதியை வாசிப்பேன். இன்று பத்தொன்பது. இரண்டு விதமாகவும் வாசித்தேன். பிறகு சொன்னேன்: "ரெண்டுல எதுன்னு எனக்கு உறுதியாத் தெரியாது. கதவுன்னு அந்தப் பொம்பளைங்க எழுதினாங்களோ இல்லையோ, நான் எழுதினேன். என் சங்கடத்துக்காக எழுதினேன்."

பெரியக்காவின் கரண்டி நின்றது. "அப்ப நாலு வருஷமா ஒரு ஓட்டைக்கா கட்டுப்பட்டிருந்தோம்?"

"நான் பதினெட்டு வருஷம் எங்க மாமியாரோட ஓட்டை வாய்க்குக் கட்டுப்பட்டிருந்தேன்," என்றாள் நர்ஸ். "இது தேவலை."

யாரோ புரையேறி இருமினார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பூட்டினவதான் திறக்கணும். போ."

முழங்கால் வலியோடு பஸ் நிலையம் வரை நடந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

தையல் வந்து பதினோரு நாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புது விதியை அத்தனை கறாராகக் கடைப்பிடிக்கிறோம். பெரியக்காதான் எல்லோரையும்விடக் கறார்.

மதியம் என் கைமடிப்பைப் பிரித்து ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா இதைத் தச்சது, கண்ணைக் கட்டிக்கிட்டா?" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல்: "எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்க மாட்டீங்களாக்கா?"

ஊசி அவள் கையிலேயே நின்றது.

புத்தகத்தில் எழுதியிருப்பது கதவோ, கேள்வியோ, இருக்கட்டும். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கேட்டேன்.