லேத்துக்கு வைத்த சந்தனம்

18.10.2010, திங்கள். கடலூர்.

ஆயுத பூஜைக்கு நான் லேத்துக்கு வைத்த சந்தனத்தை இவர் இன்றைக்குத்தான் துடைத்தார். பூஜை போட்ட மெஷினைத் தொடக்கூடாது என்று அத்தை தடுத்து வைத்திருந்தார்கள். மழை வேறு. பொட்டு இருந்த இடமெல்லாம் துரு. பெண்ணாடத்திலிருந்து வாங்கி வந்த அந்தப் பழைய இங்கிலீஷ் லேத்தின் 'பெட்' என்கிற அடிப்பாகத்தை ஒரு வருஷமாகச் சுரண்டிச் சுரண்டிச் சமமாக்கியிருந்தார்.

"கெமிஸ்ட்ரி படிச்சவதான நீ? ஈரம் பட்டா இரும்பு என்னாவும்னு காலேஜுல சொல்லித் தரல?"

அத்தை சொல்லித்தான் வைத்தேன். அவர்களோ, "நான் பொட்டு வையின்னுதான் சொன்னேன். இட்லிக்குச் சட்னி மாதிரி அப்புன்னா சொன்னேன்?" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வீட்டில் ஓதம் ஏறாத அறை லேத் இருக்கும் அறை ஒன்றுதான். லேத்துக்குப் பக்கத்தில்தான் இவரும் நானும் பாப்பாவும் படுப்போம். இன்று என் பாயையும் பாப்பாவின் பாயையும் சுருட்டிக் கூடத்தில் போட்டார். "நீங்க மூச்சு வுட்டாலே ஈரம்."

"அவளுக்கு மூச்சிழுப்பு வந்துடுங்க."

"வந்தா மருந்து குடு, போயிடும். துருவுக்கு மருந்து வச்சிருக்கியா?"

ராத்திரி வந்துவிட்டது. லேத் அறைக் கதவைத் தட்டினேன்.

"தொறந்தா ஈரக்காத்து வரும். போய்ப் படு."

கோபம்கூட இல்லை, தூக்கக் குரல்.

மருந்து கொடுத்தாயிற்று. தோளில் சாய்த்தால் தூங்குகிறாள், பாயில் கிடத்தினால் மறுபடி இழுக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறேன்.