மாரிமுத்துவின் பகல் தூக்கம்

1963 மார்ச் 20, புதன். ஹட்டன்

மாரிமுத்துவைத் தோட்டத்தை விட்டு அனுப்பப் பத்துச்சீட்டு எழுதியாகிவிட்டது. துரை இன்னும் கையெழுத்திடவில்லை. சொன்னவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், காலையில் தபால் கந்தோர் வாசலில். யாழ்ப்பாணத்துக்காரர், நிறுத்திப் பேசுகிறவர். "கடுதாசி மேசையிலதான் கிடக்கு. துரை கொழும்புக்குப் போறார். முதலாந் தேதி வந்துதான் முடிவு. அதுவரைக்கும் ஆளைச் சத்தம் போடாமல் வச்சிருங்கோ."

பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். பார்வதியும் வெளியே வர வேண்டும். என் தங்கச்சி, மாரிமுத்துவின் மனைவி. கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த மலையில் கொழுந்து எடுக்கிறாள். அவர்கள் போக வேறு இடமில்லை. என் அறையில் ஒரு கட்டிலும் தட்டெழுத்து மெஷினும்தான்.

நடந்தது (கிளாக்கரும் காவல்காரனும் தனித்தனியே சொன்னது, ஒத்துப்போகிறது): போன வியாழன் இருட்டோடு மாரிமுத்து (இனி மா.) போய், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பை எடுத்து அடித்திருக்கிறார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று லயம் லயமாக எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்தில் கூடிவிட்டார்கள். இவர் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மாதிரி நின்று, கொழுந்து எடுக்க ஆளுக்கொரு மலை பிரித்துக் கொடுத்திருக்கிறார். பிறகு பெக்டரி ரோலரைத் திருத்துவது பற்றிப் பிரசங்கம். துரை ஜீப்பில் வந்து இறங்கியபோது அவருக்கும் ஒரு மலை கொடுத்தாராம். (கடைசி விஷயம் காவல்காரன் மட்டும் சொன்னது. உறுதியில்லை.)

இரண்டு வருஷமாக இந்த நோய் தலைகாட்டாமல் இருந்தது.

மேகம் கட்டி நிற்கிறது, மழை இல்லை. நகரசபைத் தண்ணீர்க் குழாய்ச் செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். சவர பிளேடு, மை, நாடா வாங்க வேண்டும்.

21, வியாழன்

காலை பஸ். நோர்வூட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. பொகவந்தலாவை ரோட்டில் இறங்கி, ஏற்றம்.

லயத்துக்குள் நுழையும்போதே கேட்டது: "ராத்திரி கண்டாக்கோட மச்சான் வர்றாரு." சிரிப்பு. பக்கத்துக் காம்பராக் காத்தாயி.

மா. வாசலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவப்பு. கன்னம் ஒட்டிவிட்டது. என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"மச்சான், பேப்பர்ல போடுங்க. கொழுந்த வாட்டுறாங்க பாருங்க, அங்கதான் தப்பு நடக்குது. இந்த மலைக்காத்து சும்மாதான போகுது? பெக்டரியத் தூக்கி மேட்டுல வச்சா காத்தே வாட்டிரும். வெறகு மிச்சம். பெக்டரி டீமேக்கரு ஐயாகிட்ட சொன்னேன், கோவிச்சுக்கிட்டாரு. அவருக்கு வயசாயிருச்சு. நீங்க எழுதுங்க, என் பேரு வேணாம், வேணும்னா போடுங்க."

மூச்சு விடாமல் சொன்னார். சொல்வதில் பாதி புத்திசாலித்தனம். அதுதான் சிரமம்.

ராத்திரி தூங்குவதே இல்லை என்று பார்வதி. கொழும்பு ஆஸ்பத்திரி மாத்திரை கொடுக்கிறாளா? கொடுக்கிறாள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாளாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பு ஆஸ்பத்திரியில் தலைக்குக் கரண்ட் வைத்து அனுப்பிய பிறகு, கினிகத்தேனை வெத மாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், எழுதிக் கொடுத்த பத்தியம். பார்வதி சொல்லச் சொல்லக் குறித்தது:

காலை பயத்தங்கஞ்சி, ஆட்டுப்பால்.
சோற்றுக்கு வல்லாரைச் சம்பல், பருப்பு, ஏதாவது கீரை.
கருவாடு, சாராயம் கூடாது.
சாயத்தண்ணி, வெறுந் தேநீர், விடிந்ததும் ஒன்று. அப்புறம் இல்லை. (தேயிலைத் தோட்டத்தில் இதுதான் பெரிய பாடு. போகிற வீட்டிலெல்லாம் நீட்டுவார்கள்.)
விளக்கு வைக்குமுன் சாப்பாடு.
தலைக்கு மருந்தெண்ணெய், புதனும் சனியும்.

ஒன்றிலும் பிசகில்லை. கருவாட்டு வாசனை கூட அந்தக் காம்பராவில் இல்லை. அப்படியிருந்தும் ஏன்?

காத்தாயி: யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். காவல்காரன்: பெரிய சம்பளம் தலைக்கேறிவிட்டது. பொங்கலுக்குப் பிறகுதான் மா.வை மலையிலிருந்து பெக்டரிக்கு எடுத்தார்கள். ரோலர் வேலை, ராத்திரி முறை. கூலி கூட, மதிப்பும் கூட. பார்வதி அன்றைக்குக் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

"சூடு ஏறிப்போச்சுண்ணே. அதான் இப்ப திங்கக்கெழமையும் எண்ணெ வைக்கிறேன்."

22, வெள்ளி

ஹட்டன். கண்டி ரயில் தாமதம், பார்சல் வரவில்லை. ஆசிரியர் கடிதம்: தோட்டப்புறத்து மூலிகை வைத்தியம் பற்றி ஒரு கட்டுரை, 'ருசிகரமாக'. வல்லாரை பற்றி எழுதினால் மறுநாளே பலர் மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள். எழுதுவதாகச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

பல்வலி. கிராம்பு.

23, சனி

மறுபடி தோட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டு.

நான் போனபோது மா. தலைமுழுகி, ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்திருந்தார். எண்ணெய் வாசனை. பேச்சு குறைந்திருந்தது. கண் மூடிமூடித் திறந்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது. ஒரு நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

பார்வதி செம்போடு வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"ஏ, எந்திரிங்க. இந்தா, அண்ணே வந்திருக்கு, பேசுங்க."

"ஏன் எழுப்புற?"

"எண்ணெ வச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கலாமாண்ணே? சளி கட்டிக்கும். ஒடம்பு ஊதிரும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"பெக்டரிக்குப் போய்க்கிட்டிருந்தப்பவும் இப்பிடித்தானா?"

"பின்ன? விடிஞ்சு வருவாரு. வந்ததும் எண்ணெய வச்சுத் தலைக்கு ஊத்திருவேன். அப்புறம் பொழுது சாயிறவரைக்கும் கண்ண மூட விடுறதில்ல. பாவமாத்தான் இருக்கும். காய் நறுக்கச் சொல்லுவேன், கத கேப்பேன். ஒருநா அவரு தூங்கிறக் கூடாதுன்னு நானும் வேலைக்குப் போகல."

"பொழுது சாஞ்சதும்?"

"சாப்டுட்டு வேலைக்குக் கெளம்பி..."

அங்கே நின்றுவிட்டாள். செம்பைக் கீழே வைத்தாள்.

மலையில் வேலை செய்த காலத்தில் அந்த விதி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ராத்திரி தூங்கிவிடுவார். பொங்கலிலிருந்து புதனும் சனியும் தூக்கமே கிடையாது. உடம்பு சூடேறச் சூடேற, திங்களையும் சேர்த்துக்கொண்டாள்.

இது என் ஊகம். கேட்டு உறுதி செய்ய வேண்டும். அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

"நாந்தான் பண்ணினேனா?" என்றாள். அழவில்லை. மா. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள வையாதீங்க மச்சான். எனக்குத் தூக்கமே வேணாம். தூங்குறவன் பாதி ஆளு."

24, ஞாயிறு

கினிகத்தேனை. கீழே இறங்க இறங்கப் புழுக்கம். வெத மாத்தயா வீட்டில் கூட்டம், காத்திருந்தேன். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார்.

சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"ராத்திரி வேலையா? எனக்கு யாரும் சொல்ல இல்லையே. நான் பார்த்தது மலை வேலை செய்யிற ஆள். அந்த எண்ணெய் எதுக்குன்னு நினைச்சீங்க? நித்திரைக்கு மாத்தயா, நித்திரைக்குத்தான்! பூசி, குளிச்சு, ராத்திரி நல்லா நித்திரை கொள்ள."

பகலில் தூங்கக் கூடாது என்று அவர் சொன்னாரா? சொன்னாராம். எல்லோருக்கும் சொல்வதாம். ராத்திரி வேலைக்காரனுக்கு என்றால் அன்று ராத்திரி வேலை இல்லாத நாளில் வைக்கச் சொல்லியிருப்பார். அப்படி ஒரு ராத்திரி ஞாயிறுதான். அன்று கொழுந்து இல்லை, பெக்டரி ஓடாது.

வல்லாரை, ஆட்டுப்பால் இதெல்லாம் நோயை நிறுத்துமா என்று கேட்டேன். "உடம்புக்குத் துணை. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்." இதை அவர் வாயாலேயே இரண்டு தரம் சொல்ல வைத்தேன். பழக்கதோஷம்.

25, திங்கள்

தோட்டத்து டிஸ்பென்சரி. டிஸ்பென்சர் அவசரக்காரர், ஆனால் இன்று உட்காரச் சொன்னார். அவர் கருத்து: இந்த நோய்க்காரருக்குத் தூக்கம் கெட்டால் ஏற்றம் வந்து ஆள் கிளம்பிவிடுவார், இதை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை அதனால்தான் என்று அடித்துச் சொல்ல அவரால் முடியாது. ஊசி போட வருவார். "கஞ்சி குடுங்க, கீரை குடுங்க, எல்லாம் நல்லது. இப்ப எப்ப தூங்கினாலும் எழுப்பாதீங்க."

ராத்திரி வேலை ஆகாது என்று சீட்டு எழுதித் தந்தார். கையில் இருக்கிறது.

அங்கிருந்து ஆபீஸ். பெரிய கிளாக்கர் சீட்டை வாசித்து, மடித்து, திருப்பித் தந்தார். "பெக்டரியில பகல் வேலை எண்டால் தூள் சலிக்கிற இடம்தான் இருக்கு. துரை வந்ததும் நான் சொல்லிப் பாக்கிறன். ஆனா ஆளே வந்து துரைக்கு முன்னால நிண்டு சம்மதம் எண்டு சொல்ல வேணும். ரெண்டு வார்த்தை. மூண்டாவது வார்த்தை வேண்டாம்."

பார்வதியிடம் எண்ணெய் நாளை ஞாயிறுக்கு மாற்றலாம் என்றேன். "ஞாயித்துக்கெழம எண்ணெயா? ஆகாத கெழமண்ணே, அதுல இன்னொண்ணு வந்து சேரவா?" பகல் வேலை கிடைத்தால் சனியே போதும் என்று பேச்சை விட்டேன்.

27, புதன்

ஊசி திங்கள் மாலை போட்டாயிற்று. தூங்கியிருக்கிறார். இன்று எண்ணெய் வைக்கவில்லை. குரல் தணிந்திருக்கிறது.

சலிக்கும் வேலை பற்றிச் சொன்னேன்.

"சல்லடைப் பக்கமா? பொம்பளைங்களோட நின்னு தூள் சலிக்கவா மச்சான்? நான் ரோலர்காரன்."

காத்தாயி வெளியிலிருந்து: "நல்லதாப் போச்சு. எங்களுக்குக் கணக்குப் பாக்க ஒரு கண்டாக்கு வேணும்ல."

பார்வதி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்று பூராவும் மா. சம்மதம் சொல்லவில்லை.

29, வெள்ளி

ஹட்டனில் பிற்பகல் இடியோடு மழை. கொழும்புக்கு இரண்டு செய்திகள், ஒன்று நாளை வரும். மூலிகைக் கட்டுரை எழுத இயலாது என்று ஆசிரியருக்குத் தபால் அட்டை. காரணம்: தகவல் போதாது.

மழை விட்டதும் பஸ் பிடித்துப் போனேன். மா. பேசினார், மெதுவாக. இதுவரை இல்லாத ஒன்று: என் முகத்தைப் பார்க்காமல்.

"அன்னிக்குத் தப்ப அடிச்சேன்ல மச்சான். எல்லாரும் வந்து நின்னாங்க. ஒருத்தராவது, 'ஏப்பா, இன்னும் விடியலயே'ன்னு கேக்கல. மலை கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க. கொஞ்சப் பேரு கூடையோட மலைக்கே போயிட்டாங்க."

"ஆமா."

"அப்ப நான் சொன்னது சரியாத்தான இருந்திருக்கு?"

சலிக்கும் வேலைக்குச் சரியா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இது இறக்கத்தின் ஆரம்பமா, சாதாரணக் களைப்பா? டிஸ்பென்சருக்கும் தெரியவில்லை. போன தடவை ஏற்றத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் படுத்திருந்தார்.

30, சனி

காலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில். பார்வதி வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை, அரைப் பேர், அரை நாள் கூலிதான் போகும் என்றாள்.

எண்ணெய் வைத்து ஊற்றினாள். தலையை அவளே துவட்டினாள். கஞ்சி, பால். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், பழக்கத்தில், செம்புக்குக் காத்திருப்பவர் மாதிரி.

அவள் பாயை விரித்தாள்.

"படுங்க."

"சளி?"

"படுங்கன்றேன்."

படுத்தார். கொழுந்து எடுக்கக் கட்டும் படங்கை வாசலில் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பைப்படியில் குடச் சண்டை. அவள் இருந்த இடத்திலிருந்தே: "ஏய், சண்டைய மெல்லமாப் போடுங்கடி."

காத்தாயி எட்டிப் பார்த்தாள். "எண்ணெ வச்ச தலையோட படுக்க விட்டுட்டியா? நல்லா இருக்குடி ஒன் வைத்தியம். நெஞ்சுல சளி கட்டப் போகுது."

"கட்டட்டும்க்கா. சளிக்குப் பத்துச்சீட்டு எழுத மாட்டாங்க."

காத்தாயி போய்ப் பைப்படியில் ஏதோ சொன்னாள். சத்தம் குறைந்தது.

நிலவரம்: டிஸ்பென்சர் சீட்டு கையில். பகல் வேலைக்குத் துரையின் பதில் இல்லை. மா.வின் சம்மதமும் இல்லை. துரை நாளை இரவு வருகிறார் (பங்களாச் சமையல்காரன்). திங்கள் காலை, பெரட்டு முடிந்ததும், ஆபீஸில். மா. நேரில் நிற்க வேண்டும்.

கடைசி பஸ்ஸுக்கு நான் எழுந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தார்.