அழிக்கும் முன் அக்காவைக் கேட்டது

வெள்ளிக்கிழமை, இரவு.

என் பழைய போன் அடிக்கடி அசையாமல் நின்றுவிடுகிறது. அதை முழுதாய் அழித்து வேறு சிஸ்டம் போட்டுத் தருவதாக மருமகன் காலையில் கணினியோடு வந்து உட்கார்ந்தார். போன வருடம் கண்ணை மூடிய அக்கா எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருக்கின்றன.

"எல்லாம் கொம்பியூட்டரிலை எடுத்து வைச்சிட்டன் மாமி. அழிக்கட்டே?"

"ராகுகாலம் முடியட்டும் தம்பி."

"போனுக்குமோ ராகுகாலம்?" என்று சிரித்தார். ஆனாலும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சும்மா இருக்கிற நேரம்தானே என்று, அக்காவைக் கணினியில் போட்டுவிடச் சொன்னேன். தேடினார். படங்கள் இருந்தன. பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ இருந்தது. அக்கா இல்லை. குரல் பதிவுகள் போனில் வேறோர் இடத்தில் கிடந்தனவாம், அதை எடுக்கவில்லையாம். அவர் முகம் கறுத்துப்போனது.

திரும்ப எடுத்துப் போட்டுக் காட்டினார். "எடியே, போனை எடுக்க மாட்டியோ? செவிடாய்ப் போனியோ?" அக்காவேதான். ஒன்றும் விடாமல் கேட்டு முடித்த பிறகுதான் "இனி அழியுங்கோ" என்றேன்.

பின்னேரம் மகள் வந்ததும், தான் கவனமாகச் சரிபார்த்ததாக அவளிடம் மருமகன் சொன்னார். சொல்லட்டும். ராகுகாலம் பார்த்தது நான்.

போன் இப்போது சுறுக்காய் வேலை செய்கிறது. அக்காவை நாளைக்குத்தான் அதில் திரும்பப் போட்டுத் தருவாராம். ஒவ்வொரு இரவும் அவள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன். இன்றிரவு கேட்கவில்லை. ஆனாலும் நித்திரை வருகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.