ரெண்டு வாரம் பிடிங்க

அன்புள்ள மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் முக்கால் நலம், நீ அங்கே முழு நலமாக இருக்க வேண்டும். என் கை இன்னும் லேசாக நடுங்குகிறது, அதனால்தான் பேனா அவளிடம். கடை வாரத்தில் நான்கு நாள் திறக்கிறோம், ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் இப்போது அவள்தான், நான் வெட்டுவதோடு சரி. நீ அனுப்பிய போட்டோவைக் கடைக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறோம். சட்டை உனக்குத் தோளிலிருந்து இறங்கி நிற்கிறது, இளைத்துப்போயிருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு, மேலாளர் கூப்பிட்டார் என்று பாதியில் எழுந்து ஓடாதே.

போன மாதம் நீ பேசும்போது என்னை விட்டுடு, போனை வை என்று கத்தினேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை, கடைப் போனுக்குக் கூப்பிட்டு இவளைத்தான் திட்டியிருக்கிறாய். போன்ல கண்டவங்க சொல்றதக் கேட்டு அம்மாவ ஏண்டி பாடாப் படுத்துற, முதல்ல அந்தக் குரூப்ப விட்டு வெளிய வா, நான் லீவுல வந்து அந்த மாத்திரையை மொத்தமாத் தூக்கிப் போடறேன் என்றாயாம். அவள் பதில் பேசவில்லை. நீதான் அவளுக்கு மியூட்டு என்று பெயர் வைத்தவன், உனக்குத் தெரியாததா. அதனால் நான் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

அப்பா போனபோது தூக்கத்துக்கும் படபடப்புக்கும் என்று டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்த மாத்திரை அது. அதே சீட்டைக் காட்டிக் காட்டி ஏழு வருஷம் வாங்கினேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருஷம் நீ சொன்னாய் என்று ஒரேயடியாக நிறுத்தினேன் அல்லவா, நாலாம் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். தைத்துக்கொண்டிருக்கும்போதே கை கால் வெட்டி இழுத்து மெஷின் மேல் சரிந்தேன். ஊசி என் விரலில் இறங்கியதை எடுத்தவள் இவள்தான். நீ வருத்தப்படுவாய் என்று மறைத்தோம், மறைத்தது தப்பு.

அப்புறம்தான் கிளினிக்கில் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று தாளில் அட்டவணை போட்டுத் தந்தார். அந்த மாதங்களை எப்படித் தள்ளுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அப்படிச் சொல்கிற ஆட்களை இவள் போனில் ஒரு குரூப்பில் கண்டுபிடித்தாள். எல்லாரும் என்னைப் போலவே சீட்டைக் காட்டி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். ஒருத்தி தன் பெயரையே கால் மாத்திரை என்று வைத்திருக்கிறாள், குரூப்பை நடத்துவது ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், யார் எது கேட்டாலும் முதலில் டாக்டரக் கேட்டீங்களா என்பார், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். காது இரைச்சல், காரணமில்லாத பயம், தபால்காரர் மணிக்குக் கூட நெஞ்சு அடித்துக்கொள்வது, எல்லாம் அவர்களுக்கும் இருந்ததாம். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று நான் நம்பியது அவர்களால்தான் கண்ணா.

இனி நான் செய்த கூத்தைக் கேள். போன மாதம் ஒரு படி இறக்கியதும் உடம்பு தாங்கவில்லை. இவள் குரூப்பில் கேட்டாள், கண்டக்டர், ரெண்டு வாரம் பிடிங்கக்கா, டாக்டரையும் பாருங்க என்று எழுதினார். இவள் உள்ளிருந்தபடியே உரக்க வாசித்தாள், மெஷின் சத்தத்தில் எனக்கு முதல் பாதிதான் கேட்டது. அவர்கள் பேச்சில் பிடி என்றால் இறக்காமல் அதே அளவில் நில் என்று அர்த்தமாம். முப்பது வருஷமாக என் காதில் விழுகிற பிடி வேறு. இடுப்பு லூசா இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க என்றால் நான் அரை விரல் குறைத்துத் தைப்பேன். மாத்திரையையும் அப்படியே பிடித்தேன், பிளேடால் நானே சீவிக் குறைத்தேன், இரண்டாம் வாரம் இன்னும் கொஞ்சம். அந்த நாட்களில்தான் நீ கூப்பிட்டாய். உன் குரல் சம்மட்டி மாதிரி விழுந்தது, உன்மேல் ஒரு கோபமும் இல்லை.

டப்பாவில் சீவிய மாத்திரைத் துண்டுகள் சேர்ந்திருப்பதைப் பார்த்து இவள் கேட்டாள். நீதானேடி பிடிக்கச் சொன்ன என்றேன். சிரிக்கத் தொடங்கியவள் அப்படியே தேம்பி அழுதாள், தன்னால்தான் வந்தது என்று இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்கிறேன். டாக்டரம்மா நான் சீவுவதற்கு முன்னிருந்த அளவுக்கே ஏற்றிவிட்டு, குரூப்பு துணைக்கு இருக்கட்டும், அளவு என் வாயிலிருந்துதான் வரணும் என்று கண்டித்தார், சரி என்றோம். பிறகு இவள் யாரும் சொல்லாமலே நடந்ததை முழுப் பக்கம் குரூப்பில் எழுதினாள், ஒன்பதாவதோடு நின்றவள். மறுநாள் கண்டக்டர், ஒரு தையல்கார வீட்டுத் தங்கச்சி சொன்னதுக்கப்புறம் இனி யாரும் பிடிங்கன்னு எழுத வேண்டாம், அப்படியே இருங்கன்னு எழுதுவோம் என்று போட்டார். முந்நூறு பேர் வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள், உன் மியூட்டு சொல்லி. அவளை அங்கிருந்து வெளியே வரச் சொல்லாதே, என்னையும் அவசரப்படுத்தாதே. இப்போது பாதியில் நிற்கிறேன், மீதியும் இறங்கிவிடுவேன்.

நீ நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் நல்ல பெயர் எடுக்க வேண்டும். வரும்போது அந்தத் தோள் இறங்கிய சட்டையை மறக்காமல் எடுத்து வா, பிடித்துத் தருகிறேன், அது நம் கடைப் பிடி. வீட்டுக்குள் நுழைந்ததும் மாத்திரை டப்பாவைத் தேடாதே, நிறுத்தியாச்சா என்று கேட்காதே. வந்து என் கையைப் பிடி. அது எந்தப் பிடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கீழே இருக்கிற ஒரு சொல் மட்டும் நானே எழுதியது. கோணலாகத்தான் இருக்கும், கோணல் தையல் மாதிரி பிரித்துத் திரும்ப எழுதப்போவதில்லை.

அம்மா